இரண்டு டன் ஜெனரேட்டர் டிரெய்லரை எங்கள் பிக்கப்புக்குப் பொருத்திய விவரம்

எங்கள் பிக்கப்பின் கையேட்டில் "பிரேக் உள்ள டிரெய்லர்: 2,500 கிலோ" என்று ஒரு வரி இருக்கிறது. வண்டியை விற்பவரும் வாங்குபவரும் அந்த ஒரு எண்ணைத்தான் பேசுகிறார்கள். நாங்கள் வாங்கிய ஜெனரேட்டர் டிரெய்லரின் எடை 1,980 கிலோ. அந்த வரியை மட்டும் படித்தால் ஐந்நூறு கிலோவுக்கு மேல் மிச்சம் இருப்பதாகத் தோன்றும். கொக்கியில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். அப்படிக் கிளம்பியிருந்தால் பிக்கப்பின் பின் ஆக்சில், அதாவது பின் சக்கரங்களைத் தாங்கும் அச்சு, தனக்கு விதித்த அளவைவிட நூறு கிலோவுக்கு மேல் கூடுதலாகச் சுமந்திருக்கும். டிரெய்லரின் டயர்களும் தாங்கக்கூடிய எடையைத் தாண்டியிருக்கும். சென்னை பாடி மேம்பாலத்து இறக்கத்தில் நாலரை டன்னையும் பிக்கப்பின் பிரேக் ஒன்றே பிடித்து நிறுத்த வேண்டியிருந்திருக்கும்.

கையேட்டில் உள்ள இழுவை எண் உச்சவரம்பு மட்டுமே. நம் வண்டியில் ஆட்களும் சாமான்களும் ஏறிய பிறகு எவ்வளவு இழுக்கலாம் என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கை நாங்கள் எப்படிப் போட்டோம், அதற்கேற்ப எதையெல்லாம் மாற்றினோம் என்பதை முழுவதுமாக எழுதுகிறேன். சென்னையில் மழைக்காலத்துக்காக டிரெய்லர் ஜெனரேட்டர், பம்ப் வாங்குகிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். பெரும்பாலான டிரெய்லர்களை ஏதோ ஒரு பிக்கப்பின் பின்னால் கட்டி இழுத்துப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

முதலில், ஏன் டிரெய்லர் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத் தொழில் ஜெனரேட்டர் வாடகை. பட்டறை அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம். திருமண மண்டபங்கள், சிறு மருத்துவமனைகள், அடுக்ககங்கள் எங்கள் வாடிக்கையாளர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அடித்தளத்தில் ஜெனரேட்டர் வைத்திருந்த கட்டடங்களில் எல்லாம் முதலில் மூழ்கியது அந்த ஜெனரேட்டர்தான். வெளியிலிருந்து கொண்டுபோய் வைப்பதுதான் வழி. லாரியின் மேல் ஏற்றிய ஜெனரேட்டர் ஒரு மருத்துவமனை வாசலில் நின்றால் அந்த லாரியும் ஓட்டுநரும் அங்கேயே கட்டுண்டு கிடப்பார்கள். டிரெய்லர் என்றால் கழற்றி நிறுத்திவிட்டு, பிக்கப் அடுத்த இடத்துக்கு டீசல் கொண்டுபோகலாம். வேளச்சேரி, முடிச்சூர் பக்கத்துத் தெருக்களில் லாரி திரும்ப இடம் கிடைக்காத மூலைகளில்கூட டிரெய்லரைக் கழற்றி நான்கு பேர் தள்ளித் திருப்பிவிடலாம்.

வாங்கியது பழைய டிரெய்லர். 62.5 கே.வி.ஏ. ஜெனரேட்டர், அதாவது 50 கிலோவாட். ஒலி அடக்கும் கூண்டோடு 1,460 கிலோ. கீழே 420 கிலோ எடையுள்ள ஒற்றை ஆக்சில் சட்டம். 120 லிட்டர் டேங்க் நிரம்பினால் டீசல் மட்டும் ஏறத்தாழ 100 கிலோ. டிராக்டரின் பின்னால் மெதுவாக ஊர்ந்து போவதற்காகச் செய்யப்பட்ட சட்டம் அது, பிரேக் கிடையாது.

கையேட்டிலும் கதவுத் தூணில் ஒட்டிய தகட்டிலும் பிக்கப்புக்கு ஐந்து எண்கள் கிடைத்தன. வண்டியும் அதன் மேல் உள்ள எல்லாமும் சேர்ந்த மொத்த எடை 2,910 கிலோ. பின் ஆக்சில் 1,750 கிலோ. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த கூட்டு எடை 5,000 கிலோ. இழுவை, பிரேக் உள்ள டிரெய்லருக்கு 2,500, பிரேக் இல்லாததற்கு 750. கொக்கியின் மேல் நேர்கீழாக அழுத்தக்கூடிய எடை 250. இவற்றைக் கூட்டிப் பார்த்தாலே ஒரு விஷயம் புலப்படும். 2,910 கிலோவுக்கு வண்டியை நிரப்பி, 2,500 கிலோ டிரெய்லரையும் மாட்டினால் 5,410. கூட்டு எடைக்கு அனுமதித்தது 5,000 மட்டுமே. இரண்டு உச்சங்களையும் ஒரே நேரத்தில் தொட முடியாது என்பதைக் கையேடு தனியாக எங்கும் சொல்வதில்லை. கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்து எடை மேடை. மாதவரம் பக்கம் லாரிகளுக்கான மேடை ஒன்றில் பேசிவைத்துக்கொண்டு, வேலைக்குப் போகும் நாளில் ஏற்றும் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனோம். இதில் கஞ்சத்தனம் கூடாது. வெற்று வண்டியை எடை போட்டுவிட்டு மற்றவற்றை மனக்கணக்காகக் கூட்டினால் எப்போதும் குறைவாகத்தான் வரும். எங்களுடையது டீசல் நிரப்பிய நிலையில் 1,990 கிலோ. மூன்று ஆட்கள் 210. செம்புக் கேபிள் சுருள்கள் 180. கருவிப் பெட்டி 60. டீசல் கேன்கள் 125. பின்னால் பொருத்திய இரும்புக் கொக்கிச் சட்டம் 45. ஆக மொத்தம் 2,610. கேபிள்தான் எல்லோரையும் ஏமாற்றும். பார்க்கச் சிறிய சுருளாக இருக்கும். இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால்தான் அதன் எடை புரியும்.

மேடைக்காரர் ஒரே சீட்டு போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த லாரியைக் கூப்பிடப் பார்த்தார். "சார், முன் சக்கரம் மட்டும் ஒரு தடவை, முழு வண்டி ஒரு தடவை, அப்புறம் டிரெய்லரை மாட்டி இதே மாதிரி" என்று கேட்டபோது, "எதற்குத் தம்பி இவ்வளவு சீட்டு? போலீசுக்குக் காட்ட ஒன்று போதுமே" என்றார். போலீசுக்கு ஒன்று போதும், ஆக்சிலுக்குப் போதாது என்றேன். பிறகு அவரே ஆர்வமாகிக் கூடவே நின்று படித்துச் சொன்னார்.

டிரெய்லர் இல்லாமல் முன் ஆக்சில் 1,180, பின் ஆக்சில் 1,430. டிரெய்லரை மாட்டி, பிக்கப்பை மட்டும் மேடையில் நிறுத்தி, டிரெய்லர் சக்கரங்களை மேடைக்கு வெளியே விட்டபோது முன் ஆக்சில் 1,060, பின் ஆக்சில் 1,860. பிக்கப்பின் மொத்தம் 2,920. எல்லாவற்றையும் மேடைக்குள் ஏற்றியபோது 4,590.

இந்தச் சீட்டுகளில் கவனிக்க வேண்டியவை நிறைய. கூட்டு எடை 5,000-க்குள் இருக்கிறது. டிரெய்லர் எடையும், பிரேக் பொருத்துவதாக வைத்துக்கொண்டால், 2,500-க்குள் இருக்கிறது. இந்த இரண்டு எண்களும் பாஸ். ஆனால் பின் ஆக்சில் 110 கிலோ கூடுதல். பிக்கப்பின் மொத்த எடையும் 10 கிலோ தாண்டிவிட்டது. கொக்கியின் மேல் அழுத்தும் எடை 2,920-லிருந்து 2,610 போக 310. அதுவும் 250 என்ற வரம்பைத் தாண்டியது.

கொக்கியில் 310 கிலோ இறங்கியபோது பின் ஆக்சிலில் ஏன் 430 கிலோ ஏறியது என்று பட்டறையில் எல்லோரும் கேட்டார்கள். கொக்கி இருப்பது பின் ஆக்சிலுக்கு நேர் மேலே இல்லை, அதற்கும் 1.24 மீட்டர் பின்னால். கடப்பாரையால் கல்லை நெம்பும்போது நடப்பதுதான் இங்கும் நடக்கிறது: பின் ஆக்சில் முட்டுக்கட்டை, கொக்கி கைப்பிடி, மறுமுனையில் கிளம்புவது வண்டியின் மூக்கு. முன் ஆக்சிலிலிருந்து தூக்கப்பட்ட 120 கிலோவும் பின் ஆக்சிலின் தலையில்தான் விழுகிறது. கணக்கும் எளிது. கொக்கிக்கும் பின் ஆக்சிலுக்கும் உள்ள தூரத்தை இரண்டு ஆக்சில்களுக்கும் இடையிலான தூரத்தால் வகுக்க வேண்டும், எங்களுக்கு 1.24-ஐ 3.09-ஆல் வகுத்தால் 0.4. கொக்கியில் ஒவ்வொரு 100 கிலோவுக்கும் முன் ஆக்சில் 40 கிலோ இழக்கும், பின் ஆக்சில் 140 கிலோ ஏற்கும். முன் ஆக்சில் லேசானால் ஸ்டீயரிங் பிடிப்பும் முன் பிரேக்கின் பிடிப்பும் குறையும். மழைச் சாலையில் இது விளையாட்டு விஷயமில்லை.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் நமக்கு வேண்டிய விடை வந்துவிடும். பின் ஆக்சிலில் மிச்சம் 320. அதை 1.4-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 228. கொக்கியின் தகடு 250 என்று சொன்னாலும் எங்கள் வண்டிக்கு, எங்கள் சாமான்களோடு, 228-தான் எல்லை.

இந்த இடத்தில் பட்டறைகளில் வழக்கமாக ஒரு யோசனை வரும்: பின்னால் ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை போட்டுவிட்டால் வண்டி உட்காராது. உண்மைதான், உட்காராது. ஆனால் ஆக்சிலும், பேரிங்கும், பிரேக்கும், வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸும் அதே பழையவைதான். ஆர்.சி.யில் எழுதிய எடையும் மாறாது. அளவு மீறிய சுமையை வெளியில் தெரியாமல் மறைப்பதைத் தவிர அந்தப் பட்டை எதையும் செய்யாது. அதை நான் அடியோடு மறுத்துவிட்டேன். சட்டமும் எடையைத்தான் பார்க்கிறது: ஆர்.சி.யில் குறித்த மொத்த எடையைத் தாண்டி ஓட்டக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 113ஆவது பிரிவு. 194ஆவது பிரிவின்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000.

சரியான வழி, கொக்கியின் மேல் விழும் எடையைக் குறைப்பது. எவ்வளவு குறைப்பது என்பதில்தான் நிதானம் வேண்டும். மூக்கில், அதாவது கொக்கியில் மாட்டும் முன்முனையில், எடை குறைந்துபோன டிரெய்லர் வேகம் கூடியதும் வாலை ஆட்டத் தொடங்கும். ஒரு கட்டத்துக்கு மேல் அது பிக்கப்பையும் சேர்த்துச் சாலையில் வீசிவிடும். எங்களுக்கு ஏற்ற இலக்கு டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 200 கிலோவை ஒட்டி. அது 228-க்குள்ளும் அடங்கும்.

கொக்கியிலிருந்து ஆக்சில் வரை 3 மீட்டர். 310-ஐ 3-ஆல் பெருக்கி 1,980-ஆல் வகுத்தால் 0.47. டிரெய்லரின் எடை மையம் ஆக்சிலுக்கு 47 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது என்று பொருள். ஜெனரேட்டரைப் பின்னால் நகர்த்தலாம், அல்லது ஆக்சிலை முன்னால் கொண்டுவரலாம். பிரேக்குக்காக எப்படியும் ஆக்சிலைக் கழற்றத்தான் போகிறோம் என்பதால் இரண்டாவதைத் தேர்ந்தோம். மேலோட்டமான கணக்கில் 20 சென்டிமீட்டர் நகர்த்தினால் போதும் என்று வந்தது. ஆனால் டிரெய்லரின் முன்முனையில் வரும் புதிய பிரேக் கொக்கி பழையதைவிடக் கனமானது. அந்தக் கனம் முழுவதும் மூக்கிலேயே விழும். ஆக்சிலும் சக்கரங்களும் முன்னால் நகரும்போது எடை மையமும் கொஞ்சம் முன்னால் வரும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் 24 சென்டிமீட்டர்.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். 2,610 கிலோ வண்டிக்குப் பின்னால் இரண்டு டன் சேர்ந்தால், அதே வேகத்தில் நிறுத்த வேண்டிய ஆற்றல் முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. பிக்கப்பின் பிரேக் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. கையேட்டில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோ என்று போட்டிருப்பதற்கு அதுதான் காரணம். வண்டியின் இழுவைத் திறனில் குறையே கிடையாது. நிறுத்தும் திறன்தான் எல்லை.

நாங்கள் போட்டது ஓவர்ரன் பிரேக். பிக்கப் வேகம் குறைக்கும்போது பின்னால் வரும் டிரெய்லர் முன்னால் தள்ளும். அந்தத் தள்ளுவிசையில் டிரெய்லர் கொக்கியின் தண்டு உள்ளே நழுவி, ஒரு நெம்புகோல் வழியாகக் கம்பியை இழுக்கும். கம்பி, சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்குள் உள்ள ஷூக்களை, அதாவது உரசிப் பிடிக்கும் கட்டைகளை, விரிக்கும். மின்சாரமும் வேண்டாம், காற்றும் வேண்டாம். எத்தனை பலமாகத் தள்ளுகிறதோ அத்தனை பலமாகப் பிடிக்கும். வாங்கும்போது ஒன்றைப் பார்க்க வேண்டும்: கொக்கியின் தகட்டில் எந்த எடையிலிருந்து எந்த எடை வரை என்று இரண்டு எண்கள் இருக்கும். அதிகபட்சத்தை மட்டும் பார்த்து வாங்கினால் லேசான டிரெய்லரில் அந்தக் கொக்கி சரியாக வேலை செய்யாது. கொக்கி, நெம்புகோல், டிரம் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி வடிவமைக்கப்பட்டவை. ஒன்றை இங்கும் மற்றொன்றை அங்கும் வாங்கிச் சேர்த்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், அல்லது பிடிக்கவே பிடிக்காது. புதுப்பேட்டையில் கிடைக்காத உதிரிபாகம் இல்லை என்பது எனக்குத் தெரியும். பழைய டிரம் ஒன்றை மலிவாகத் தருவதாகவும் சொன்னார்கள். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் வேண்டாம் என்று முழு செட்டாகவே வாங்கினோம். ரிவர்ஸ் எடுக்கும்போது தானாகவே விடுபடும் வகை டிரம். இல்லாவிட்டால் சந்துக்குள் பின்னோக்கித் தள்ளும்போதெல்லாம் பிரேக் பிடித்துக்கொள்ளும்.

புதிய ஆக்சில் 2,000 கிலோ தாங்குவது. பழைய டயர்களின் பக்கவாட்டில் சுமை எண் 100 என்று இருந்தது. ஒன்றுக்கு 800 கிலோ, இரண்டுக்கு 1,600. பழைய நிலையிலேயே அவற்றின் மேல் 1,670 கிலோ நின்றுகொண்டிருந்தது. ஆக்சிலை முன்னால் நகர்த்தினால் மூக்கில் குறையும் எடை எல்லாம் டயருக்குத்தான் போகும். சுமை எண் 112 உள்ள டயர்கள் மாற்றினோம். ஒன்றுக்கு 1,120 கிலோ. டயர் கடையில் பட்டனைப் பார்த்து, "இன்னும் நன்றாக இருக்கிறதே, ஏன் மாற்றுகிறீர்கள்?" என்று கேட்பார்கள். பட்டன் தேய்மானத்தைக் காட்டும், எடையைக் காட்டாது.

வெல்டிங் வேலையை எங்கள் பட்டறைக்கு நெடுநாளாக வரும் அண்ணன் ஒருவர் பார்த்தார். பழைய பிராக்கெட்டுகளை அறுத்துவிட்டு, அந்த இடங்களைச் சமமாகத் தேய்த்து, 24 சென்டிமீட்டர் தள்ளிப் புதியவற்றை வைத்தோம். சட்டத்தின் நீளப்பட்டையில் குறுக்காகக் கோடு போட்டதுபோல் வெல்டிங் விழக்கூடாது, நீளவாக்கில்தான் ஓட வேண்டும் என்பதில் அவர் என்னைவிடக் கண்டிப்பு. "குறுக்கே வைத்தால் அந்தக் கோட்டிலேயே ஒருநாள் கிழியும், தம்பி. இது நின்று வேலை செய்கிற சாமான் இல்லை, குதித்து ஓடுகிற சாமான்" என்றார். பிராக்கெட்டைப் புள்ளி வைத்துப் பிடித்த பிறகு, கொக்கியின் நடுவிலிருந்து இடது ஆக்சில் முனைக்கும் வலது ஆக்சில் முனைக்கும் நூல் பிடித்து அளந்தார். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் டிரெய்லர் நேராக வரும். இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் தெரிந்தது. வலப்பக்கத்துப் புள்ளியை உடைத்து நகர்த்தி, மறுபடி அளந்த பிறகே முழு வெல்டிங் வைத்தார். அந்த அரை மணி நேரம் ஒருவரும் பேசவில்லை.

பிரேக்கைச் சரிசெய்யும் முறைக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் சக்கரம், பிறகு கம்பி. இரண்டு சக்கரங்களையும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, முன்னோக்கிச் சுற்றிக்கொண்டே உள்ளே உள்ள பற்சக்கரத்தை முறுக்க வேண்டும். சக்கரம் பூட்டியதும், உரசல் நிற்கும்வரை மட்டும் தளர்த்த வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நிலைக்கு வந்த பிறகுதான் நடுக்கம்பியின் தொய்வை எடுக்க வேண்டும். இரண்டு சக்கரங்களுக்கும் போகும் பிரேக் கேபிள்களை இழுக்கும் குறுக்குக்கட்டை நேராக நிற்கிறதா என்று பார்த்தால் போதும். சாய்ந்திருந்தால் ஏதோ ஒரு சக்கரம் குறைவாகப் பிடிக்கிறது. கம்பியை முதலில் முறுக்கிவிட்டுச் சக்கரத்துக்கு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் ஷூ எப்போதும் லேசாக உரசிக்கொண்டே இருக்கும், டிரம் சூடேறும்.

கொக்கியின் மேல் விழும் எடையை மறுபடி அளக்க லாரி மேடை போதாது. அது பத்துப் பத்தாகத்தான் காட்டும். 200 கிலோவை அளக்கும்போது பத்து கிலோ பெரிய வித்தியாசம். பக்கத்துக் காயலான் கடையில் மூட்டை எடை போடும் 300 கிலோ எலெக்ட்ரானிக் தராசு இருந்தது. பிக்கப்பின் கொக்கி உயரத்துக்குச் சரியாக ஒரு இரும்புக் குழாயை வெட்டி, தராசின் நடுவில் நிறுத்தி, அதன் மேல் டிரெய்லரின் மூக்கை இறக்கினோம். டேங்க் நிரம்பிய நிலையில் 204. டீசலை வடித்த பிறகு 188. டேங்க் ஆக்சிலுக்குச் சற்று முன்னால் இருப்பதால் இந்த வித்தியாசம். இரண்டு நிலையிலும் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே நிற்பது எனக்குப் பெரிய நிறைவு. சந்தேகத்துக்காக மூக்கைப் பத்து சென்டிமீட்டர் உயர்த்திப் பார்த்தோம். எடை 20 கிலோ இறங்கியது. ஜெனரேட்டர் உயரமான சாமான், சாய்ந்தால் எடை மையமும் பின்னால் போகிறது. ஆகவே குழாயின் உயரம் தோராயமாக இருக்கக்கூடாது. பிக்கப்பின் கொக்கியில் டிரெய்லரை மாட்டும் உருண்டையான பந்தும், டிரெய்லர் தரைக்கு இணையாக நிற்கும் உயரத்தில் இருக்க வேண்டும், அதுவும் பிக்கப்பின் பின்புறம் சுமையில் இறங்கிய பிறகு.

கேபிள் சுருள்களைப் பிக்கப்பின் சாமான் தொட்டியில் கதவுப் பக்கத்திலிருந்து கேபினை ஒட்டி, 60 சென்டிமீட்டர் முன்னால் கொண்டுபோய் வைத்தோம். ஒரு ரூபாய் செலவில்லாத வேலை. பின் ஆக்சிலிலிருந்து ஏறத்தாழ 35 கிலோ முன்னால் போனது. இப்போது அவை நகராதபடி அந்த இடத்தில் ஒரு தடுப்புக்கம்பி இருக்கிறது.

பிக்கப்பின் கொக்கிச் சட்டத்தையும் பார்த்தாக வேண்டும். பம்பரில் இருக்கும் வளையம் சேற்றில் மாட்டிய வண்டியை இழுக்க மட்டுமே. டிரெய்லருக்கான சட்டம் சேஸிஸின் இரண்டு நீளப்பட்டைகளிலும் போல்ட்டால் இறுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். தரமான சட்டத்தில் "டி மதிப்பு" என்று, எவ்வளவு இழுவிசையைத் தாங்கும் என்பதைக் கிலோநியூட்டனில் காட்டும் ஓர் எண் பொறித்திருக்கும். நமக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்க்க, வண்டியின் மொத்த எடையையும் டிரெய்லரின் எடையையும் டன்னில் பெருக்கி, அவற்றின் கூட்டலால் வகுத்து, 9.81-ஆல் பெருக்க வேண்டும். 2.91, 2.05 (புதிய பாகங்களோடு டிரெய்லரின் எடை) என்று போட்டால் எங்களுக்கு 11.8. சட்டத்தில் 14 என்று இருக்கிறது. பந்து 50 மில்லிமீட்டர். இரண்டு அங்குலப் பந்து 50.8 மில்லிமீட்டர், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஒன்றுக்கு மற்றொன்றை மாட்டக்கூடாது.

மின்கம்பி வேலை, விளக்கு, இண்டிகேட்டர் எல்லாம் ஒரு மாலை வேலை. பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் மூக்குக்கு அடியில் குறுக்காக மாட்டினோம். கொக்கி கழன்றால் மூக்கு தரையில் குத்தாமல் அவற்றின் மேல் விழும். டிரெய்லர் முழுவதும் பிரிந்துபோனால் கைப்பிரேக்கை இழுத்துவிடும் கம்பி தனி. டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் உண்டு. இழுக்கும் வண்டியின் எண்ணும் டிரெய்லரின் பின்னால் தெரிய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 61ஆவது பிரிவு. ஆக்சில் மாற்றத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி ஆர்.சி.யில் ஏற்றிக்கொண்ட பிறகே சாலைக்கு எடுத்தோம்.

மறுபடி அதே மாதவரம் மேடை. டிரெய்லர் 2,050 கிலோ. பிக்கப்பின் முன் ஆக்சில் 1,130, பின் ஆக்சில் 1,680, மொத்தம் 2,810. கூட்டு எடை 4,660. ஒவ்வொரு எண்ணும் வரம்புக்குள். டிரெய்லர் முன்பைவிட 70 கிலோ கூடிவிட்டது, ஆனாலும் பின் ஆக்சில் 180 கிலோ இறங்கியிருக்கிறது. மேடைக்காரர் பழைய சீட்டையும் புதிய சீட்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, "எடையைக் கூட்டிவிட்டு வண்டியை லேசாக்கியிருக்கிறீர்களே!" என்றார்.

ஓட்டிப் பார்த்தது வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் சாலையில், காலை வெயில் ஏறுவதற்கு முன். 20 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, பிறகு 30, பிறகு 40. பிரேக் போடும்போது பின்னால் "டொக்" என்று அடித்தால் கொக்கியில் தொய்வு. எங்களுக்கு மெல்லிய தள்ளல் மட்டும் தெரிந்தது. நிறுத்தியதும் இரண்டு டிரம்களின் சூட்டையும் வெப்பமானியால் பார்த்தோம். இடப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருந்ததால் குறுக்குக்கட்டையில் அரைச் சுற்று தளர்த்தினோம். கொக்கிச் சட்டத்தின் போல்ட்டுகளை டார்க் ரென்ச்சால் மறுபடி இறுக்கியபோது இரண்டு போல்ட்டுகள் லேசாக நகர்ந்தன. புதிதாகப் பொருத்தியவற்றில் முதல் ஓட்டத்துக்குப் பின் இதை விட்டுவிடவே கூடாது.

நாங்கள் வைத்திருக்கும் வேக வரம்பு மணிக்கு 50. சாலை காலியாக இருந்தாலும் அதுதான். 40-லிருந்து 60-க்குப் போனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்காகிறது. வால் ஆடுவது தெரிந்தால் ஓட்டுநர் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும்; பிரேக்கை ஓங்கி மிதிக்கவும் கூடாது, வேகத்தைக் கூட்டித் தப்பிக்கவும் கூடாது. எங்கள் ஓட்டுநர்கள் இதைச் சொல்லிக் காட்டிய பிறகுதான் சாவியை வாங்குகிறார்கள். மேம்பால இறக்கங்களில் இரண்டாவது அல்லது மூன்றாவது கியர். ஓவர்ரன் பிரேக் நீண்ட இறக்கத்தில் ஓயாமல் உரசிச் சூடாகும். சென்னையின் குட்டை இறக்கங்களுக்கு இது போதும், ஏற்காட்டு மலைப்பாதைக்கு இந்த ஜோடியை அனுப்புவதில்லை, வாடகை எவ்வளவு கொடுத்தாலும் சரி.

வெள்ளத்துக்கென்று தனியாக ஒரு வேலை இருக்கிறது. ஓடி வந்த சூட்டில் இருக்கும் சக்கரக் குடம் (பேரிங் உள்ள நடுப்பகுதி) திடீரென்று தண்ணீரில் இறங்கினால், உள்ளே உள்ள காற்று குளிர்ந்து சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பேரிங் துருப்பிடித்து, சில வாரங்கள் கழித்து நடுச்சாலையில் சக்கரம் கழன்றுபோவது இப்படித்தான். தண்ணீருக்கு முன் வண்டியை நிறுத்திக் குடம் ஆறும்வரை காத்திருக்கச் சொல்லியிருக்கிறோம். தண்ணீர் தாங்கும் கிரீஸைத்தான் பேரிங்கில் அடைத்திருக்கிறோம். தண்ணீரிலிருந்து வெளியே வந்ததும் மெதுவாக ஓட்டியபடி நான்கைந்து முறை லேசாகப் பிரேக் பிடித்து ஷூக்களைக் காயவைக்க வேண்டும். நனைந்த டிரம் முதல் மிதியில் பிடிக்காது. தண்ணீரில் இறங்கிய டிரெய்லர் பட்டறைக்குத் திரும்பியதும் குடங்களைக் கழற்றிப் பார்க்காமல் அடுத்த வாடகைக்கு அனுப்புவதில்லை.

கேபினில், ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். அதில் மூன்று ஆட்கள், மூன்று கேபிள் சுருள்கள், நான்கு டீசல் கேன்கள், டயருக்கான காற்றழுத்தம், கொக்கி மாட்டியதும் பார்க்க வேண்டியவை எல்லாம் வரிசையாக இருக்கின்றன. பின் ஆக்சிலில் மிச்சம் 70 கிலோதான். நான்காவது சுருள் வேண்டும் என்றால் ஒரு ஆளோ இரண்டு கேன்களோ வேறு வண்டியில் வர வேண்டும். வேலைக்கு வந்திருக்கும் இளைஞர்கள் இதில் பேரம் பேசுவதுண்டு. எடைச் சீட்டின் நகலும் அந்தத் தாளோடு சேர்த்தே ஒட்டப்பட்டிருக்கிறது. அதைக் காட்டினால் பேச்சு அதோடு முடிந்துவிடும்.